காவிரியின் வழியைக் காட்டும் ஊடாட்டப் பக்கம்: லைப்ரரிகள் வேண்டுமா, உலாவியே போதுமா?

கேள்வி: பொன்னிக்கரை

வணக்கம். தலைக்காவிரியில் தொடங்கிப் பூம்புகாருக்கு அருகே கடலைச் சேரும் வரை காவிரி வரும் வழியைப் பள்ளி மாணவர்களுக்குக் காட்டும் ஒரு தமிழ் இணையப் பக்கத்தை உருவாக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. வாசகர் ஸ்க்ரோல் செய்யச் செய்ய, வரைபடத்தில் ஆறு சிறிது சிறிதாக நீள வேண்டும். ஹேமாவதி, கபினி, பவானி, அமராவதி ஆகிய துணையாறுகள் வந்து சேரும் இடங்களில் உரிய விளக்கம் தோன்ற வேண்டும். மேட்டூர் அணை வரும்போது, மாணவரே ஒரு ஸ்லைடரை இழுத்து நீர்மட்டத்தை 0 முதல் 120 அடி வரை மாற்றிப் பார்க்கவும், அதற்கேற்ப நீரின் கொள்ளளவு மாறுவதைக் காணவும் வேண்டும். இவற்றோடு, தலைப்பின் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வர வேண்டும் என்றும் வடிவமைப்பாளர் கேட்கிறார்.

நான் முன்பு ஜேக்வெரி கொண்டும் பின்னர் ரியாக்ட் கொண்டும் அலுவலகப் பயன்பாடுகளை எழுதி வந்தவன். இத்தகைய காட்சிப் பக்கங்கள் எனக்குப் புதியவை. நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் கேட்டபோது, ரியாக்ட், அசைவுகளுக்கான ஜிஎஸ்ஏபி, முப்பரிமாணக் காட்சிக்கான த்ரீ.ஜேஎஸ், வரைபடத்துக்கான மேப்லிப்ரே ஆகிய நான்கு லைப்ரரிகளையும் (ஆயத்த நிரல் தொகுப்புகளையும்) சேர்த்து ஒரு திட்டத்தைத் தயக்கமின்றி எழுதித் தந்துவிட்டது. மறுபுறம், இவை அனைத்தையும் இப்போது, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் ஒன்றே செய்துவிடும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெற்றோரின் விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசியில்தான் பார்ப்பார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: இணையத்தச்சன்

வணக்கம், பொன்னிக்கரை. எந்தக் கருவி என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்து, பக்கத்தில் உள்ள ஒவ்வொரு ஊடாட்டத்தையும் தனியே எடுத்துப் பார்த்தால் குழப்பம் பெரிதும் குறைந்துவிடும்.

முதலில் ஆறு. உங்கள் வரைபடத்தில் வாசகர் விரும்பிய ஊருக்குப் போய்ப் பெரிதாக்கிப் பார்க்கப் போவதில்லை. நீங்கள் காட்டும் வழியைத்தான் பார்க்கப் போகிறார். அப்படியானால் மேப்லிப்ரே போன்ற முழுமையான வரைபட லைப்ரரிக்கு அங்கே வேலையே இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து ஆற்றின் புவியியல் தரவை எடுத்து, மேப்ஷேப்பர் கருவியில் புள்ளிகளைக் குறைத்து, எஸ்விஜி என்ற பட வடிவில் கோடாக மாற்றிப் பக்கத்திலேயே எழுதிவிடலாம். சுமார் 800 கிலோமீட்டர் நீளமுள்ள ஆற்றைக் கைபேசித் திரையின் அகலத்திற்குள் காட்டும்போது, ஒவ்வொரு சிறு வளைவுக்கும் தனிப்புள்ளி வைத்திருப்பதில் பயன் எதுவும் இல்லை. தரவை எடுத்த இடத்தைப் பக்கத்தில் குறிப்பிட வேண்டும் என்பது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் உரிமத்தின் நிபந்தனை. அதை மறந்துவிட வேண்டாம்.

அடுத்து, ஸ்க்ரோலோடு சேர்ந்து ஆறு நீள்வது. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இதற்கு ஜாவாஸ்கிரிப்ட் கட்டாயம் தேவைப்பட்டது. ஸ்க்ரோல் நிகழ்வு ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டு எண்களை மாற்றிக்கொண்டிருந்தோம். இப்போது சிஎஸ்எஸ்ஸிலேயே அனிமேஷன்-டைம்லைன் என்ற பண்பு இருக்கிறது. அனிமேஷன் கடிகாரத்தைப் பார்த்து ஓடுவதற்குப் பதிலாக, வாசகர் எவ்வளவு தூரம் ஸ்க்ரோல் செய்திருக்கிறார் என்பதைப் பார்த்து ஓடும். குரோமில் இது 2023 ஜூலையில் வெளியான 115ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது; சஃபாரியில் 2025 செப்டம்பரில் வெளியான 26ஆம் பதிப்பில்தான் வந்தது; ஃபயர்பாக்ஸ் இதை எழுதும் வரை இயல்புநிலையில் இயக்கி வைக்கவில்லை. எஸ்விஜி கோட்டின் பாத்லெங்த், ஸ்ட்ரோக்-டேஷ்அரே மதிப்புகளை 1 என்று வைத்து, ஸ்ட்ரோக்-டேஷ்ஆஃப்செட் பண்பை 1இலிருந்து 0 வரை கொண்டுசென்றால், ஆறு தலைக்காவிரியிலிருந்து நீளத் தொடங்கிவிடும். படம் நிலையாக நிற்கவும் விளக்கங்கள் அதன் மேல் நகர்ந்து போகவும் பொசிஷன் ஸ்டிக்கி போதும்.

ஆதரவு இல்லாத உலாவியில் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். அங்கே ஆறு முழுமையாக வரையப்பட்ட நிலையில், அசைவின்றி நிற்கட்டும். உலாவியில் வசதி உண்டா என்று பார்க்கும் சப்போர்ட்ஸ் நிபந்தனைக்குள் அனிமேஷனை எழுதிவிட்டால் இது தானாகவே அமைந்துவிடும். பாடம் எந்த வாசகருக்கும் குறைவுபடாது.

உங்கள் வாசகர்களின் கைபேசியைப் பற்றி ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டில் குரோம் உலாவி பிளே ஸ்டோர் வழியாகத் தனியே புதுப்பிக்கப்படுவதால், சில ஆண்டுகள் பழகிய கைபேசியிலும் புதிய சிஎஸ்எஸ் வசதிகள் கிடைத்துவிடுகின்றன; ஐபோனிலோ சஃபாரியின் எஞ்சின் இயங்குதளத்தோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படுகிறது. ஐஓஎஸ் 26 ஐபோன் 11 முதற்கொண்டுதான் கிடைக்கிறது என்பதால், எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஸ்க்ரோல் அனிமேஷன் வராது. ஆக, விலை குறைந்த ஆண்ட்ராய்டில் வசதி இருக்கிறது, வலு இல்லை; பழைய ஐபோனில் வலு இருக்கிறது, வசதி இல்லை. லைப்ரரிகளைக் குவிக்கும்போது அடிபடுவது முன்னதுதான். பதிவிறங்கும் கிலோபைட்டுகள் ஒருபுறம் இருக்க, அந்த ஜாவாஸ்கிரிப்டைப் பிரித்துப் படித்து இயக்கும் வேலை முழுவதும் அந்த மெதுவான செயலியின் தலையில் விழுகிறது.

மேட்டூர் பகுதிக்கு எச்டிஎம்எல்லில் ஸ்லைடரைத் தரும் ரேஞ்ச் வகை உள்ளீடே போதும். விசைப்பலகை, தொடுதிரை, திரைவாசிப்பான் மூன்றிலும் அது இயங்கும். துணையாறுகளுக்கான விளக்கக் குமிழ்களுக்குப் பாப்ஓவர் பண்பு இருக்கிறது; முன்னணி உலாவிகள் அனைத்திலும் அது இப்போது கிடைக்கிறது. த்ரீ.ஜேஎஸ் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. குடகு மலையை முப்பரிமாணத்தில் சுழற்றிக் காட்டப் போகிறீர்கள் என்றால் அது தேவை. இல்லையென்றால், சுருக்கிய நிலையிலும் நூறு கிலோபைட்டைத் தாண்டும் ஒன்றை மாணவரின் டேட்டாவில் ஏற்றுவதற்குக் காரணம் வேண்டும். ரியாக்டும் இங்கே வேண்டாம். இங்கே மாறுவது நீர்மட்டம் என்ற ஒரே ஓர் எண்தான்.

மறுமொழி: திரைக்கதிர்

இணையத்தச்சன் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால், சிஎஸ்எஸ் போதும் என்று ஜிஎஸ்ஏபியை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது என்று நினைக்கிறேன்.

சிஎஸ்எஸ் ஸ்க்ரோல் அனிமேஷன் ஓர் அசைவை ஒரு ஸ்க்ரோல் தூரத்தோடு கட்டுவதற்கு மிகவும் ஏற்றது. ஆனால், கதைப்பக்கங்களில் வடிவமைப்பாளர்கள் கேட்பது பெரும்பாலும் அதுவாக இருப்பதில்லை. கபினி வந்து சேர வேண்டும். சேர்ந்த பிறகு ஆற்றின் கோடு தடிக்க வேண்டும். தடித்து முடிவதற்குச் சற்று முன்பே விளக்கம் தோன்றத் தொடங்க வேண்டும். வாசகர் திரும்ப மேலே போனால் இவை அனைத்தும் அதே ஒழுங்கில் பின்னோக்கி ஓட வேண்டும். இப்படி ஒன்றையொன்று தொடரும் வரிசையைச் சிஎஸ்எஸ்ஸில் எழுதினால், ஒவ்வொரு அசைவுக்கும் தொடக்க விழுக்காட்டையும் முடிவு விழுக்காட்டையும் கையால் கணக்கிட்டு எழுத வேண்டும். நடுவில் ஒரு காட்சியைச் சேர்த்தால் மற்ற எண்கள் அனைத்தையும் மாற்ற நேரும். ஜிஎஸ்ஏபியின் டைம்லைனில் ஒரு வரியைச் செருகினால் போதும். அடுத்தவை தாமாகத் தள்ளிப்போகும்.

உரிமம் பற்றிய பழைய தயக்கமும் இப்போது தேவையில்லை. வெப்ஃப்ளோ நிறுவனம் 2024இல் ஜிஎஸ்ஏபியை வாங்கியது. 2025 ஏப்ரல் இறுதியில், முன்பு பணம் கட்டியவர்களுக்கு மட்டுமே கிடைத்த ஸ்பிளிட்டெக்ஸ்ட், மார்ஃப்எஸ்விஜி போன்ற கூடுதல் பகுதிகள் உட்பட முழுவதும் இலவசமாக்கப்பட்டது. வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசம்தான். இலவசம் என்பதால் அதைத் திறந்த மூல மென்பொருள் என்று எண்ணிவிட வேண்டாம். வெப்ஃப்ளோவுடன் போட்டியிடும் காட்சிவழி அனிமேஷன் கருவிகளில் பயன்படுத்தக் கூடாது போன்ற கட்டுப்பாடுகள் அந்த உரிமத்தில் இருக்கின்றன. உங்கள் பக்கத்திற்கு அதனால் இடையூறு இல்லை.

பழைய ஐபோனிலும் ஃபயர்பாக்ஸிலும் ஒரே மாதிரி ஓடும் என்பது மற்றொரு நன்மை. பள்ளிக் கணினி ஆய்வகத்தில் எந்த உலாவி இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. ஆசிரியர் வகுப்பில் புரொஜெக்டரில் போட்டுக் காட்டும்போது ஆறு அசையாமல் நின்றால், பக்கம் கெட்டுவிட்டது என்றே அவர் நினைப்பார். அதைப் பற்றிப் புகார் வந்த பிறகு, இது திட்டமிட்ட எளிய வடிவம் என்று விளக்குவது கடினம்.

ரியாக்ட் வேண்டாம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இதே பக்கம் பின்னாளில் ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒன்றாகப் பெருகி ஒரு தளமாகும் என்றால், தளங்களை உருவாக்கும் கருவியான ஆஸ்ட்ரோவைப் பாருங்கள். பக்கம் முழுவதையும் வெறும் எச்டிஎம்எல்லாக உருவாக்கிவிட்டு, ஸ்லைடர் போன்ற இடங்களுக்கு மட்டும் ஜாவாஸ்கிரிப்டை அனுப்பும் முறையை அது கொண்டிருக்கிறது. தீவுகள் என்று அழைக்கப்படும் அந்த இடங்களுக்குள் ரியாக்டோ ஸ்வெல்ட்டோ எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இப்போதைய போக்கு பொதுவாகவே இந்தத் திசையில்தான் செல்கிறது. ரியாக்டே 2024 டிசம்பரில் வெளியான 19ஆம் பதிப்பில் சர்வர் காம்பொனென்ட்டுகளை நிலையான வசதியாக்கி, உலாவிக்கு அனுப்பும் நிரலைக் குறைக்கும் வழிக்கு வந்திருக்கிறது. எச்டிஎம்எக்ஸ் இன்னும் ஒரு படி போய், சர்வரிலிருந்து எச்டிஎம்எல் துண்டுகளையே வாங்கிப் பக்கத்தில் பொருத்துகிறது. படிவங்களும் பட்டியல்களும் நிறைந்த பயன்பாடுகளுக்கு அது மிகவும் பொருந்தும், உங்கள் ஆற்றுக்கு அதில் பயனில்லை.

மறுமொழி: மெய்யெழுத்து

தலைப்பின் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வர வேண்டும் என்ற ஒரு வரியை இருவரும் கடந்து போய்விட்டார்கள். இந்தப் பக்கத்தில் மிகுந்த கவனம் தேவைப்படுவது அந்த வரிக்குத்தான் என்பது என் கருத்து.

ஆங்கிலத்தில் எழுத்துவாரி அசைவு என்றால், ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனி ஸ்பேன் குறிக்குள் வைத்து அசைப்பார்கள். இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டு நிரல்களில் பல, ஸ்பிளிட் செயல்கூறை வெற்றுச் சரத்தோடு அழைத்துச் சொல்லைப் பிரிக்கின்றன. தமிழில் அப்படிச் செய்தால் யூனிக்கோடு குறியெண்கள் ஒவ்வொன்றாகப் பிரியும். தமிழ் என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. யூனிக்கோட்டில் அது ஐந்து குறியெண்கள். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அது சிதறிப்போகும். காவிரி என்பதில் துணைக்கால் தனியே ஒரு புள்ளிவட்டத்தோடு நிற்கும். கொ, கோ போன்றவற்றின் நிலை இன்னும் மோசம். உயிர்க்குறி ஒரே குறியெண்ணாக இருந்தாலும், திரையில் அதன் ஒரு பாதி மெய்க்கு முன்னும் மறுபாதி பின்னும் வர வேண்டும். தனியே பிரித்துவிட்டால் அந்த இடமாற்றம் நடக்கவே வழியில்லை.

இதற்கு உலாவியிலேயே தீர்வு இருக்கிறது. இன்டில்.செக்மென்ட்டர் என்ற வசதியை கிராஃபீம் (நாம் ஓர் எழுத்தாகக் காணும் அலகு) அளவில் பயன்படுத்தினால், தமிழ் என்பது த, மி, ழ் என்று சரியாகப் பிரியும். குரோமிலும் சஃபாரியிலும் இது முன்பே இருந்தது. 2024 ஏப்ரலில் வெளியான ஃபயர்பாக்ஸ் 125இலும் வந்துவிட்டதால் இனித் தயங்க வேண்டியதில்லை. ஆனால், இதிலும் ஒரு பொறி உண்டு. க்ஷ என்பதை இந்த வசதி க், ஷ என்று இரண்டாகத்தான் பிரிக்கும். டிரான்ஸ்ஃபார்ம் பண்பு சாதாரண இன்லைன் பெட்டிகளில் வேலை செய்யாது என்பதால், அசைக்க வேண்டிய ஒவ்வொரு துண்டும் இன்லைன்-பிளாக்காக மாற்றப்படுகிறது. அப்போது இரண்டு துண்டுகளும் ஒன்று சேர்ந்து கூட்டெழுத்தாகாமல் பிரிந்தே நிற்கும். ஸ்ரீ என்ற எழுத்துக்கும் இதே கதி. உங்கள் பக்கத்தில் ஸ்ரீரங்கம் கட்டாயம் வரும் என்பதால் சொல்கிறேன்: பிரித்த பிறகு இந்தத் தொடர்களை மட்டும் தேடி மீண்டும் ஒட்டிவிடும் சில வரிகளை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.

என்னைக் கேட்டால், எழுத்துவாரியாகப் பிரிக்காமல் சொல்வாரியாகப் பிரிக்கச் சொல்வேன். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சொல் முழுதாக எழுந்து வரும்போது கண் அதைப் படிக்கிறது, எழுத்தெழுத்தாக வரும்போது காத்திருக்கிறது. வடிவமைப்பாளர் ஆங்கிலப் பக்கம் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கேட்டிருப்பார்.

வரைபட லைப்ரரி வேண்டாம் என்று இணையத்தச்சன் சொன்னதற்கு மற்றொரு காரணமும் உண்டு. மேப்லிப்ரே போன்றவை வெப்ஜிஎல் வழியே வரைபவை. ஊர்ப்பெயர்களை அவை உலாவியின் எழுத்து எஞ்சினைக் கொண்டு எழுதுவதில்லை. ஒவ்வொரு குறியெண்ணுக்கும் முன்கூட்டியே செய்து வைத்த சிறு எழுத்துப் படங்களை எடுத்து வரிசையாக ஒட்டுகின்றன. ஆங்கிலத்திற்கு அது போதும். எழுத்துகள் இடம் மாறியும் உருமாறியும் சேரும் தமிழ், தேவநாகரி முதலிய எழுத்துமுறைகளுக்கு அது போதாது. மேட்டூர் என்பதில் ஏகாரக் கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீண்ட காலமாக இருந்து வரும் குறை இது. அத்தகைய லைப்ரரியை என்றேனும் எடுக்க நேர்ந்தால், வேறு எதையும் பார்ப்பதற்கு முன் திருச்சிராப்பள்ளி, மேட்டூர், ஈரோடு, கொள்ளிடம் ஆகிய நான்கு பெயர்களை எழுதவைத்துப் பாருங்கள். இரட்டைக் கொம்பு, ஒற்றைக் கொம்பு, இருபுறமும் வரும் குறி என எல்லாச் சிக்கலும் அந்த நான்கிற்குள் அடங்கிவிடும்.

எஸ்விஜியின் டெக்ஸ்ட் குறிக்குள் எழுதும் தமிழும், கேன்வாஸ் 2டி பரப்பில் எழுதும் தமிழும் உலாவியின் எஞ்சின் வழியே செல்வதால் பிழையின்றி வரும். த்ரீ.ஜேஎஸ் கொண்டு முப்பரிமாணத்தில் செய்பவர்களும் பெயர்களை சிஎஸ்எஸ்2டி-ரெண்டரர் மூலம் எச்டிஎம்எல்லாகவே மேலே மிதக்கவிடுவது நல்லது.

எழுத்துருவைப் பற்றி ஒரு சொல். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை வோஃப்2 வடிவில், தேவையான தடிமன்கள் மட்டும் வைத்து அனுப்புங்கள். அளவைக் குறைக்கிறேன் என்று எழுத்துருவை வெட்டும் கருவிகளைப் பயன்படுத்தும்போது எழுத்துகள் உருமாறும் விதிகளைக் கொண்ட ஜிசப் அட்டவணை போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது போனால் கு, டு, மு ஆகியவை உருமாறாமல் உடைந்து நிற்கும்.

மறுமொழி: பொன்னிக்கரை

அனைவருக்கும் நன்றி. மெய்யெழுத்து சொன்ன நான்கு ஊர்ப்பெயர்களையும் உதவியாளர் எழுதித் தந்த வரைபடத்தில் இட்டுப் பார்த்தேன், ஒன்றும் தேறவில்லை. எஸ்விஜிக்கே போகிறேன். த்ரீ.ஜேஎஸ், ரியாக்ட் இரண்டையும் நீக்கிவிட்டேன். ஜிஎஸ்ஏபி பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்போதைய சிக்கல் ஸ்லைடர். அதை இழுக்கும்போது நீர்மட்டம் உயர்வது என் கணினியில் வழவழவென்று இருக்கிறது. வீட்டில் இருக்கும் பழைய கைபேசியிலோ விரலுக்குப் பின்னால் திக்கித் திக்கி வருகிறது. நீர்ப்படத்தின் ஹைட் மதிப்பை ஒவ்வொரு முறையும் மாற்றுகிறேன். கூடவே அருகில் உள்ள ஒரு வரைகோட்டுப் படத்தையும் முழுவதுமாக மீண்டும் வரைகிறேன்.

மறுமொழி: நொடித்துளி

சிக்கலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஹைட் மாறினால் உலாவி பக்கத்தின் தளவமைப்பைத் திரும்பக் கணக்கிட வேண்டும், பிறகு வண்ணம் தீட்ட வேண்டும், பிறகுதான் திரையில் சேர்க்க வேண்டும். நீர்ப்படத்தை முழு உயரத்திலேயே வைத்துவிட்டு, டிரான்ஸ்ஃபார்ம் பண்பின் ஸ்கேல்ஒய் மதிப்பை மட்டும் மாற்றுங்கள். உருமாற்றத்தின் தொடக்கப் புள்ளியை அடிப்பகுதியில் வைக்க வேண்டும். தளவமைப்புக் கணக்கு முழுவதும் நீங்கிவிடும். வரைகோட்டுப் படத்தைத் திரும்ப வரைய வேண்டிய தேவையே இல்லை. கோட்டை ஒருமுறை வரைந்துவிட்டு, அதன்மேல் உள்ள ஒரு புள்ளியை மட்டும் நகர்த்தினால் போதும். ஸ்லைடரின் இன்புட் நிகழ்வு திரை புதுப்பிக்கப்படுவதைவிட அடிக்கடி வரக்கூடும் என்பதால், மதிப்பைக் குறித்து வைத்துக்கொண்டு ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேமுக்குள் ஒருமுறை மட்டும் திரையை மாற்றுங்கள்.

அந்த வரைகோடு நேர்கோடாக இருந்தால் பாடமே தவறாகிவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 120 அடியில் 93.47 டிஎம்சி, ஆனால் 60 அடியில் அதன் பாதி இருக்காது, பாதியைவிட வெகுவாகக் குறைவாக இருக்கும். பள்ளத்தாக்கு மேலே போகப் போக அகல்கிறது. ஆகவே மேலே உள்ள ஒவ்வோர் அடியும் கீழே உள்ள அடியைவிட அதிக நீரைத் தாங்குகிறது. செய்தியில் நீர்மட்டம் ஓர் அடி குறைந்தது என்று கேட்கும்போது, எந்த மட்டத்திலிருந்து குறைந்தது என்பதைப் பொறுத்து இழந்த நீரின் அளவு மாறும். இதை உரைநடையில் விளக்குவதைவிட ஸ்லைடர் கையில் இருந்தால் மாணவர் தாமே கண்டுகொள்வார். இந்தப் பக்கத்தில் ஊடாட்டம் உண்மையாகவே தேவைப்படும் இடம் என்று நான் கருதுவது இதைத்தான். நீர்வளத் துறையினர் பயன்படுத்தும் நீர்மட்டம், கொள்ளளவு அட்டவணையைப் பெற்று, இடைப்பட்ட மதிப்புகளை அதிலிருந்து கணக்கிடுங்கள்.

அளவீடு பற்றி. 2024 மார்ச் முதல் பக்கத்தின் பயன்பாட்டு அனுபவத்தை மதிப்பிடும் கூகுளின் கோர் வெப் வைட்டல்ஸ் அளவுகளில் எஃப்ஐடி நீக்கப்பட்டு ஐஎன்பி சேர்க்கப்பட்டிருக்கிறது. எஃப்ஐடி முதல் தொடுதலின் தாமதத்தை மட்டும் பார்த்தது. ஐஎன்பி வாசகர் பக்கத்தில் இருக்கும் வரை செய்யும் சொடுக்கு, தொடுதல், விசையழுத்தம் அனைத்தையும் கவனித்து, அவற்றில் ஏறத்தாழ மிக மெதுவானதைக் கணக்கில் எடுக்கிறது. 200 மில்லிநொடிக்குள் இருந்தால் நன்று. 500ஐத் தாண்டினால் மோசம். ஆனால், ஐஎன்பியில் ஸ்க்ரோல் சேராது. உங்கள் ஆறு ஸ்க்ரோலின்போது எவ்வளவு திக்கினாலும் அந்த எண் பச்சையாகவே இருக்கும். எண்ணைப் பார்த்து ஏமாறாமல், கைபேசியை யுஎஸ்பி வழியே கணினியோடு இணைத்து, குரோமின் டெவ்டூல்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பதிவு எடுத்துப் பாருங்கள்.

ஸ்க்ரோல் அனிமேஷனைப் பற்றி இணையத்தச்சன் சொன்னதோடு ஒரு திருத்தத்தையும் சேர்க்க வேண்டும். சிஎஸ்எஸ் ஸ்க்ரோல் அனிமேஷன் உலாவியின் பெரும்பாலான வேலைகள் நடக்கும் முதன்மை இழையைத் தொடாமல் ஓடும் என்று பலரும் பொதுவாகச் சொல்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்ம், ஒபாசிட்டி போன்ற சில பண்புகளுக்கு மட்டுமே அது பொருந்தும். ஸ்ட்ரோக்-டேஷ்ஆஃப்செட் மாறும்போது கோட்டை ஒவ்வொரு முறையும் மீண்டும் தீட்டித்தான் ஆக வேண்டும். சிஎஸ்எஸ்ஸில் எழுதினாலும் ஜிஎஸ்ஏபியில் எழுதினாலும் இந்தச் செலவு ஒன்றுதான். எனவே இந்தக் குறிப்பிட்ட அசைவைப் பொறுத்தவரை, வேகத்தைக் காரணமாகக் காட்டி ஜிஎஸ்ஏபியை ஒதுக்க முடியாது. கோட்டின் புள்ளிகளைக் குறைப்பதுதான் பயன் தரும். நிழல், மங்கல் போன்ற எஸ்விஜி ஃபில்டர்களை ஆற்றின் மேல் போட்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

ரேஞ்ச் உள்ளீட்டை அப்படியே விட்டுவிட்டால், திரைவாசிப்பான் அறுபது என்று மட்டும் சொல்லும். ஏரியா-வேல்யூடெக்ஸ்ட் பண்பில் அடியையும் டிஎம்சியையும் சேர்த்துத் தமிழிலேயே எழுதிவிட்டால் முழுத் தகவலும் காதில் விழும். பக்கத்தின் மொழி தமிழ் என்று லேங் பண்பில் குறித்தால்தான் வாசிப்பான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்கும். வார்ப்புருவில் ஆங்கிலம் என்றே விடப்பட்ட தமிழ்த் தளங்கள் ஏராளம். தலைச்சுற்றல் உள்ளவர்கள் கைபேசியில் அசைவைக் குறைக்கும் அமைப்பை இயக்கி வைத்திருப்பார்கள். அதை மதிக்கும் மீடியா நிபந்தனையை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

மறுமொழி: இணையத்தச்சன்

நொடித்துளியின் திருத்தம் சரியானது, ஏற்றுக்கொள்கிறேன். திரைக்கதிர் சொன்ன வரிசைக் காட்சிகள் உங்கள் வடிவமைப்பில் உண்மையிலேயே இருந்தால் ஜிஎஸ்ஏபியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு நீள்வதும் விளக்கம் தோன்றுவதும் மட்டுமே என்றால் சிஎஸ்எஸ்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வடிவமைப்பாளர் காட்சிகளின் வரிசையை ஒரு தாளில் எழுதித் தந்தால், எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். புரொஜெக்டரில் ஆறு அசையாமல் நிற்கும் என்ற கவலைக்கு ஒரு நடுவழியும் உண்டு: ஆதரவில்லாத உலாவிகளில் இன்டர்செக்ஷன்அப்சர்வர் கொண்டு, ஒவ்வொரு விளக்கம் திரைக்குள் வரும்போதும் ஆற்றின் அடுத்த பகுதியை மட்டும் ஒரே தாவலில் காட்டலாம். தொடர்ச்சியான அசைவு இருக்காது, ஆனால் ஆறு வளரும். அதற்குச் சில வரிகள் போதும்.

நீண்டகாலப் பயன்பாடு பற்றியும் சிந்தியுங்கள். பாடப்பக்கங்கள் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருக்கும். ஃபிளாஷில் செய்யப்பட்ட கல்விப் பக்கங்கள் 2020 டிசம்பர் 31க்குப் பிறகு அடோபியின் ஆதரவை இழந்தன. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரே அவற்றை இயக்க மறுத்தது. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டு வெப்அசெம்ப்ளியாக உலாவியில் ஓடும் ரஃபிள் என்ற மென்பொருளால் இன்று அவற்றில் ஒரு பகுதி மீண்டும் உயிர்பெற்றிருக்கிறது. எந்த லைப்ரரியை எடுத்தாலும், அதன் கோப்பை வெளிச் சேவையகத்திலிருந்து அழைக்காமல் உங்கள் தளத்திலேயே பதிப்பு எண்ணோடு வைத்துக்கொள்ளுங்கள். அணையின் அட்டவணையை நிரலுக்குள் புதைக்காமல் தனி ஜேசன் கோப்பாக வையுங்கள். பின்னாளில் வருபவர் காட்சியைத் தூக்கி எறிந்தாலும் தரவு மிஞ்சும்.

மறுமொழி: பொன்னிக்கரை

தாளில் எழுதிப் பார்த்தோம். வரிசைக் காட்சி கபினி, பவானி என இரண்டே இடங்களில்தான் வருகிறது, சிஎஸ்எஸ்ஸிலேயே முடித்துக்கொள்கிறேன். தலைப்பும் சொல்வாரியாகத்தான் எழுந்து வரும். கடைசியாக ஒன்று: மேட்டூர் பகுதியை ஆசிரியர்கள் தனியே பகிர விரும்புகிறார்கள். அதைத் தனிப் பக்கமாக்கினால், ஆற்றிலிருந்து அணைக்குப் போகும்போது திரை வெண்மையாகி மீள்கிறது. இதற்காக மீண்டும் ஒற்றைப்பக்கப் பயன்பாட்டு முறைக்குத்தான் போக வேண்டுமா?

மறுமொழி: திரைக்கதிர்

வேண்டியதில்லை. இரண்டு பக்கங்களும் ஒரே தளத்தில் இருந்தால் வியூ டிரான்சிஷன்ஸ் வசதி போதும். இரண்டு பக்கங்களின் சிஎஸ்எஸ்ஸிலும் வியூ-டிரான்சிஷன் விதியை எழுதி, நேவிகேஷன் மதிப்பை ஆட்டோ என்று வையுங்கள். பிறகு, வரைபடத்தில் உள்ள அணையின் குறியீட்டுக்கும் தனிப் பக்கத்தில் உள்ள அணைப் படத்துக்கும் வியூ-டிரான்சிஷன்-நேம் பண்பில் ஒரே பெயரைக் கொடுத்தால், சிறு குறியீடு விரிந்து பெரிய படமாக மாறுவதை உலாவியே செய்துவிடும். ஒரே நேரத்தில் ஒரு பக்கத்தில் ஒரு பெயர் ஒரு முறைதான் வரலாம். இரண்டு இடங்களில் வந்தால் அசைவு முழுவதும் கைவிடப்படும். குரோமில் 2024 ஜூனில் வெளியான 126ஆம் பதிப்பிலிருந்தும், சஃபாரியில் 18.2இலிருந்தும் இது பக்கங்களுக்கு இடையே இயங்குகிறது. மற்றவற்றில் இணைப்பைச் சொடுக்கினால் வழக்கம்போல அடுத்த பக்கம் திறக்கும். அசைவைக் குறைக்கச் சொன்ன வாசகர்களுக்காக இந்த விதியையும் நொடித்துளி சொன்ன அதே மீடியா நிபந்தனைக்குள் வையுங்கள்.